கோபன்ஹேகனில் தரங்கம்பாடியைத் தேடி இரண்டு நாட்கள்

என் கல்லூரி நண்பன் ஒருவன் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறான். சொந்த ஊர் பொறையார். தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர், சைக்கிள் மிதித்தால் பத்து நிமிடம். பள்ளி நாட்களில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே டேனிஷ் கோட்டைதான். மதிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி சுண்டல் தின்ற கதையை ஹாஸ்டலில் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். 2024 செப்டம்பரில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். "சனி, ஞாயிறு ரெண்டு நாள் இருக்கு, எங்கடா போகலாம்?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "கோட்டை கட்டினவன் ஊரைப் பார்த்துட்டு வந்துடலாம்டா" என்றான்.

அப்படிப் போனதுதான் கோபன்ஹேகன். அங்கே அவன் ஒரு கேள்வி கேட்டான். நான் அவசரப்பட்டு ஒரு பதில் சொன்னேன். அது தப்பு என்று அன்று ராத்திரியே தெரிந்துபோனது. ஊர் சுற்றிய கதையோடு சேர்த்து அந்தத் தப்பையும் திருத்திவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

சனிக்கிழமை: எல்லோரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம்

ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2019 வரைக்கும் இந்த ரயில் வழியில் கப்பலுக்குள்ளேயே ஏறிக் கடலைக் கடக்குமாம். இப்போது சுற்றுவழியில் முழுக்கத் தரையும் பாலங்களும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை காலையில் கிளம்பினோம்.

முதலில் நூஹவ்ன். போஸ்ட்கார்டுகளில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வரிசையாக வீடுகள் நிற்குமே, அந்தக் கால்வாய்க் கரை. பெயருக்கு அர்த்தம் 'புதுத் துறைமுகம்'. புதுசு என்றால் 1670-களில் வெட்டிய புதுசு. வெட்டியவர்கள் போரில் பிடிபட்ட ஸ்வீடன் நாட்டுக் கைதிகள். கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இந்தத் தெருவிலேயே வெவ்வேறு காலத்தில் மூன்று வீடுகளில் குடியிருந்திருக்கிறார்.

அங்கிருந்து பத்து நிமிட நடை, அமாலியன்போர்க் அரண்மனை. ஒன்றல்ல, ஒரே மாதிரி நான்கு மாளிகைகள். நடுவில் எட்டுப் பக்கச் சதுக்கம். சதுக்கத்தின் மையத்தில் குதிரை மேல் ஒரு ராஜா. ஐந்தாம் ஃபிரெடரிக். பகல் பன்னிரண்டு மணிக்குக் கரடித்தோல் தொப்பி போட்ட காவலர்கள் மாறும் சடங்கு நடக்கும். கூட்டத்தோடு நின்று பார்த்தோம். நண்பன் குதிரைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தான். அந்தக் குதிரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடற்கன்னி சிலை. 1913-ல் வைத்தது, உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். நம்மூர்க் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற பொம்மை இதைவிடப் பெரிசு. ஆனால் இரண்டு தடவை தலையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், 1964-ல் ஒரு தடவை, 1998-ல் ஒரு தடவை. "இவ்வளவுதானா?" என்று நண்பன் கேட்டது எனக்கு மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு ஸ்பானிஷ் குடும்பம் மொழி தெரியாமலேயே சிரித்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்மொரபுரொட் என்கிற, கம்பு ரொட்டி மாதிரிக் கறுத்த ரை ரொட்டியின் மேல் மீனோ முட்டையோ அடுக்கித் தருகிற சமாச்சாரம். கடைக்குப் போகிற சந்தில் ஒரு வீட்டு வாசலில் எண்ணெய் பீப்பாய்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பெயின்ட் அடித்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பொம்மை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கடைக்கார அம்மாவிடம் கேட்டோம். அது மிளகு அரைக்கிற குடுவையாம். இங்கே முப்பது வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் நண்பர்கள் மிளகுக் குடுவை பரிசு கொடுப்பார்கள், சில சமயம் ஆள் மேலேயே மிளகுத்தூளைக் கொட்டுவார்கள். இருபத்தைந்துக்கு லவங்கப்பட்டை, முப்பதுக்கு மிளகு. கல்யாணம் ஆகாதவனுக்கு டேனிஷ் மொழியில் பெயரே 'மிளகுப் பையன்' என்கிற அர்த்தத்தில்தான். பழைய காலத்தில் மசாலா வணிகர்கள் வெளியூருக்கு அனுப்பிய ஏஜெண்டுகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று விதி இருந்ததாம். அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள்.

நண்பனுக்கு முப்பத்திரண்டு. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மிளகு நம்ம ஊர்லேர்ந்து வரும், பேரு மட்டும் எனக்கு வைப்பானுங்களா" என்றான்.

சாயங்காலம் கால்வாய்ப் படகில் ஏறினோம். பாலங்கள் அவ்வளவு தாழ்வு, வழிகாட்டி ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் "உட்காருங்க, தலை பத்திரம்" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றைச் சாரங்களுக்குப் பின்னால்தான் பார்க்க முடிந்தது. பழைய பங்குச்சந்தைக் கட்டடம், ப்யோர்சன். தரங்கம்பாடிக் கோட்டைக்கு ஆளனுப்பிய அதே நான்காம் கிறிஸ்டியன் 1620-களில் கட்டியது. நான்கு டிராகன்களின் வால்களை முறுக்கி நிறுத்திய 56 மீட்டர் கோபுரம் அதன் அடையாளம். நானூறாம் ஆண்டுக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து அந்தக் கோபுரம் சரிந்தது. உள்ளே இருந்த ஓவியங்களை வழியில் போனவர்கள்கூடச் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்து காப்பாற்றினார்கள்.

படகு திரும்பும்போதுதான் நண்பன் கேட்டான்: "இந்த ஊரை நம்ம ஊர்க் காசுலதானேடா கட்டியிருப்பானுங்க?"

"பின்னே?" என்றேன் நான்.

தப்பு எங்கே?

காலனி ஆதிக்க நாடு, பளபளக்கிற தலைநகரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவது எளிது. லண்டனுக்கு அந்தக் கோடு நிறையவே பொருந்தும். கோபன்ஹேகனுக்கு, அதுவும் நான்காம் கிறிஸ்டியன் காலத்துக்கு, பொருந்தாது. ராத்திரி ஓட்டலில் என் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது நானே எழுதி வைத்திருந்ததை நானே மறந்திருப்பது தெரிந்தது.

அந்த ராஜாவின் பெரிய வருமானம் இந்தியாவிலிருந்து வரவில்லை. கோபன்ஹேகனுக்கு வடக்கே ஹெல்சிங்கோர் என்ற ஊரில் கடல் நாலு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்குகிறது. பால்டிக் கடலிலிருந்து தானியம், மரம், தார், சணல் ஏற்றிவரும் கப்பல்களுக்கு அதுதான் முக்கியமான வாசல். அந்த வாசலில் 1429 வாக்கில் டென்மார்க் ஒரு சுங்கச்சாவடி போட்டது. 1857 வரை, நானூறு ஆண்டுகளுக்கும் மேல், போகிற வருகிற கப்பல்களிடம் வசூல்தான். நம்மூர் டோல்கேட் மாதிரி, ஆனால் பீரங்கி வைத்த டோல்கேட்.

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து சரக்கின் மதிப்பை வைத்து வரி. மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம். குறைத்துச் சொன்னால்? சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை ராஜாவுக்கு உண்டு. அதனால் யாரும் ரொம்பக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஏற்றிச் சொன்னால் வரி கூடும். அதிகாரிகள் படை இல்லாமலேயே உண்மை விலை வெளியே வந்துவிடும். இந்தப் பணம் பிரபுக்கள் சபையிடம் போகாமல் நேராக ராஜாவின் கைக்கு வந்தது. அவர் இஷ்டத்துக்குக் கோபுரம் கட்ட முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

ஞாயிற்றுக்கிழமை: ராஜாவும் கம்பெனியும்

காலையில் வட்டக் கோபுரத்தில் ஏறும்போது நண்பனிடம் இதைச் சொன்னேன். 1642-ல் முடித்த கோபுரம், உச்சியில் வானியல் கூடம். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் ஏழரைச் சுற்றுச் சரிவுப் பாதை, 209 மீட்டர் நீளம். ரஷ்யாவின் மகா பீட்டர் 1716-ல் குதிரையிலேயே மேலே வரை ஏறினார் என்பார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்ப நம்ம கோட்டையால இவனுக்கு என்ன லாபம்?" என்றான்.

முதல் முப்பது வருடக் கணக்கைப் பார்த்தால், லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

1616-ல் டச்சுக்காரர்களைப் பார்த்து டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். கண்டி ராஜாவின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகன் வந்தார். போர்ச்சுகீசியரை விரட்ட உதவினால் இலங்கை வணிகம் உங்களுக்குத்தான் என்றார். அதை நம்பி 1618 நவம்பரில் இருபத்து மூன்றே வயதான ஓவே கெட்டேயின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. இலங்கை போய்ச் சேரவே ஒன்றரை வருடம். வழியிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், அந்தத் தூதனும் செத்தான். போய்ச் சேர்ந்தால் கண்டி ராஜா, அப்படியொரு ஒப்பந்தத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றுவிட்டார்.

முன்னோடியாகப் போன ஒரு கப்பலைப் போர்ச்சுகீசியர்கள் காரைக்கால் பக்கம் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறியவர் ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர். அவர் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆக இலங்கை கைவிட்ட பிறகுதான் தஞ்சாவூர் வந்தது. 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை. தரங்கம்பாடி கிடைத்தது, ஆண்டு வாடகைக்கு. கோட்டை எழுந்தது.

"அப்ப நாம ரெண்டாவது சாய்ஸா?" என்றான் நண்பன். கொஞ்சம் வருத்தமாகவே.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தஞ்சாவூர் டெல்டாவில் மிளகு விளைவதில்லை. சோழமண்டலக் கரையில் கிடைத்த பெரிய சரக்கு பருத்தித் துணி. துணியைத் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கொண்டுபோய் விற்று, அங்கே மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். அதனால் 'மிளகுப் பையன்' என்ற பெயருக்குப் பொறையார்க்காரன் நேரடி உரிமை கொண்டாட முடியாது.

கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ரோசன்போர்க் மாளிகை. நான்காம் கிறிஸ்டியனின் கோடை வீடு. 1644-ல் கடற்போரில் அவர் ஒரு கண் பார்வையை இழந்தார். அன்று போட்டிருந்த ரத்தக்கறை உடையை இங்கே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் வெளிறிக் கிடக்கும் அந்தத் துணியைப் பார்க்கும்போது அந்த ஆட்சியின் கதை சுருக்கமாகப் புரிந்துவிடும். ஐரோப்பியப் போர்களில் தலைகொடுத்து, ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். அதில் தரங்கம்பாடியைக் கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை. 1650-ல் கம்பெனியையே இழுத்து மூடினார்கள்.

கோட்டை? ஊரிலிருந்து கப்பலே வராமல் 29 வருடம் கிடந்தது. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655 முதல் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்ற சாதாரண ஆள் ஒருவர்தான் மிச்சம் இருந்த டேனிஷ்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றினார். ஊரைச் சுற்றி மதில்கூட எழுப்பினார். 1669-ல் ஒருவழியாகக் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் வந்தபோது கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது. கொடி அனுப்பியவர்கள் மறந்துபோன பிறகும்.

நண்பன் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "ஸ்கூல்ல இதை யாரும் சொல்லலையேடா. எங்களுக்குச் சொன்னது கட்டினவன் பேரும் வித்தவன் பேரும்தான்" என்றான். விற்றது 1845-ல். தரங்கம்பாடி, வங்காளத்துச் செராம்பூர் எல்லாம் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு.

குதிரைக்குத் திரும்புதல்

அப்படியென்றால் ஆசியப் பணம் இந்த ஊருக்கு வரவே இல்லையா? வந்தது, நூறு வருடம் கழித்து.

மதியம் பாலத்தைக் கடந்து கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பகுதிக்கு நடந்தோம். தண்ணீரை ஒட்டி 'ஆசியச் சதுக்கம்' என்றே ஒரு இடம் இருக்கிறது. 1732-ல் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் அலுவலகமும் கிடங்கும் நின்ற இடம். இப்போது டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சகம் அங்கே இருக்கிறது. இந்தக் கம்பெனி உண்மையிலேயே சம்பாதித்தது. முக்கியமாகச் சீனத்துக் கான்டன் துறைமுகத்திலிருந்து தேயிலை. தரங்கம்பாடி வழியாகத் துணி. பிரிட்டனும் பிரான்சும் அடித்துக்கொண்ட காலங்களில் டென்மார்க் நடுநிலை நாடு, அதன் கொடி கட்டிய கப்பலை யாரும் சுலபத்தில் தொட மாட்டார்கள். இந்தியாவில் சம்பாதித்த ஆங்கிலேய அதிகாரிகளே தங்கள் சொந்தப் பணத்தை டேனிஷ் கப்பல்களின் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. இந்தியத் துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் போனது. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களில் அதுவும் ஒன்று. டேனிஷ் கப்பல்கள் கரீபியன் தீவுகளுக்கு ஏற்றிப்போன ஆப்பிரிக்கர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அந்தத் தீவுகளின் சரக்கு வந்து இறங்கிய கிடங்கு, சனிக்கிழமை நாங்கள் கடற்கன்னியைப் பார்க்கப் போன அதே கரையில் இன்னும் நிற்கிறது. நாங்கள் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிருந்தோம். சோழமண்டலத் தறியில் நெய்த துணி கடைசியில் யார் கையில் எதற்காகப் போய்ச் சேர்ந்தது என்று நெய்தவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நண்பனை மறுபடி அமாலியன்போர்க்குக் கூட்டிப்போனேன். காவலர் மாற்றம் முடிந்து சதுக்கம் காலியாக இருந்தது. "இந்தக் குதிரைக்கு யார் காசு கொடுத்தாங்க தெரியுமா?" என்றேன். ஐந்தாம் ஃபிரெடரிக்கின் இந்தச் சிலையைச் செய்தவர் பிரெஞ்சுச் சிற்பி சாலி. 1771-ல் திறந்தார்கள். பெருந்தொகை செலவானது. மொத்தத்தையும் ராஜாவுக்கு மரியாதையாகக் கொடுத்தது ஆசியக் கம்பெனி.

அவன் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "அப்ப இதுல நம்ம பங்கு எவ்வளவு?" என்றான்.

"பெரும்பங்கு சீனத் தேயிலையோடது. ஒரு குளம்பு நம்மோடதா இருக்கலாம்."

"குளம்பு போதும்" என்று இன்னொரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

பார்க்காமல் வந்தது

இந்த ஊரில் தமிழ் வாசகர் ஒருவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான பொருள் எதுவென்று கேட்டால், நாங்கள் பார்க்காத ஒன்றைத்தான் சொல்வேன். 1620-ல் ரகுநாத நாயக்கர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தங்க ஓலையில், தமிழில் எழுதியது. முன்கூட்டி ஏற்பாடு செய்யாமல் சனி, ஞாயிறில் போய்ப் பார்க்கிற பொருள் இல்லை அது. போவதற்கு முன் நான் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, என் சோம்பல்தான்.

ஆனால் அது அங்கே இருக்கிறது என்பது இந்த உறவைச் சரியான அளவில் காட்டுகிறது. தரங்கம்பாடியில் டென்மார்க் தெருவிலேயே நிற்கிறது. கோட்டை, 1792-ல் கட்டிய ஊர் வாசல், ஆளுநர் மாளிகை எல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் கண்ணில் படும். மாளிகையைப் புதுப்பிக்க டென்மார்க் தேசிய அருங்காட்சியகமே பின்னாளில் வந்து வேலை பார்த்தது. கோபன்ஹேகனில் தரங்கம்பாடி அப்படி இல்லை. காப்பகப் பெட்டியில் ஒரு ஓலை, சதுக்கத்தில் ஒரு குளம்பு, ஒரு சதுக்கத்தின் பெயர். நமக்கு அவர்கள் ஒரு அத்தியாயம். அவர்களுக்கு நாம் ஒரு அடிக்குறிப்பு. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. 'எல்லாம் நம்ம காசு' என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்த ஹெல்சிங்கோர் சுங்கச்சாவடியும், 29 வருடம் கப்பல் வராத கோட்டையும், ஆப்பிரிக்கக் கரைக்குப் போன துணியும் கதையிலிருந்து விழுந்துவிடும். அவைதான் கதையே.

ரயிலில் ஏறியதும் நண்பன் பொறையாருக்குப் போன் போட்டான். அவன் அம்மா கேட்டது எனக்கும் கேட்டது: "அந்த ஊர் எப்படி இருக்கு தம்பி, நம்ம கோட்டை மாதிரியா?"

"இல்லம்மா. நம்ம கோட்டையை இங்க ரொம்ப பேருக்குத் தெரியாது" என்றான்.

"அதுக்கென்ன, அவங்க ஊரு நமக்கு மட்டும் தெரியுமா" என்றார் அம்மா. பிறகு பெண் ஜாதகம் ஒன்று வந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

போகிறவர்களுக்கு: மேலே சொன்ன எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம், ஊர் சமதரை. சைக்கிள் பாதையில் மட்டும் கால் வைக்காதீர்கள், மணி அடித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். மூன்றாவது நாள் இருந்தால் ஹெல்சிங்கோர் போங்கள், ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அந்தச் சுங்கச்சாவடியின் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஆவணக் காப்பகத்துக்கு முதலிலேயே எழுதிக் கேளுங்கள். தங்க ஓலையைப் பார்க்கக் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள்.